பல்கலைக்கழகப் பாடமாகச் சைகைமொழி: கேலடெட் அனுபவமும் இந்தியச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

சைகைமொழி, பேச்சின்மைக்கு மாற்றான ஓர் உதவிக் கருவியாகக் கருதப்பட்ட நிலை மாறி, இலக்கணமும் வட்டார வழக்கும் இலக்கியமும் உடைய இயற்கை மொழியாக ஏற்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும். இம்மாற்றம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரிலுள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தில் 1955க்குப் பின் நிகழ்ந்த ஆய்வுகளால் தொடங்கியது. அவ்வாய்வுகள் வெற்றி பெற்றதற்கு மொழியியல் முறை மட்டும் காரணமன்று. காது கேளாத ஆய்வாளர்கள் அதில் பங்குகொண்டதும் காரணமாகும். மொழியைக் கற்பித்து, அம்மொழிக்குரிய மக்களைக் கற்பிப்போராகவும் ஆய்வோராகவும் ஏற்காத இடங்களில் இத்துறை திறன்பயிற்சியாகக் குறுகிவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. இந்தியச் சைகைமொழிக் கல்வியின் வரலாறும் தமிழ் ஆய்வுலகிற்கு இதில் உள்ள பணியும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சைகைமொழி, காது கேளாதோர் பண்பாடு, கேலடெட், ஸ்டோக்கி, இந்தியச் சைகைமொழி, களஆய்வு அறம்

முன்னுரை

மொழி என்பது ஒரு சமூகம் தன் கூட்டு வாழ்விற்குக் கையாளும் இடுகுறித் தன்மையுடைய ஒலிக்குறியீடுகளின் அமைப்பு என்னும் கருத்தில் அமைந்த வரையறையைப் பெர்னார்டு பிளாக்கும் ஜார்ஜ் டிரேகரும் 1942இல் வழங்கினர். மொழியியல் பயின்றோர் அனைவரும் ஏதேனும் ஒரு வடிவில் இவ்வரையறையைக் கற்றிருப்பர். தமிழில் எழுதப்பெற்ற மொழியியல் அறிமுக நூல்களிலும் இதன் சாயலைக் காணலாம். இதில் 'ஒலி' என்னும் ஒரு சொல், காது கேளாதோர் தமக்குள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் மொழிகளை மொழி என்னும் வகைப்பாட்டிற்கு வெளியே நிறுத்திவிட்டது. அதே டிரேகரிடம் 1957இல் பகுப்புமுறை பயின்ற ஒருவரே மூன்றாண்டுகளில் அவ்வரையறையின் குறைபாட்டை வெளிப்படுத்தினார் என்பது மொழியியல் வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. அவர் வில்லியம் ஸ்டோக்கி.

சைகைமொழி பற்றிப் பொதுவெளியில் நிலவும் பிழையான கருத்துகள் இரண்டை முதலிலேயே விலக்குதல் வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே சைகைமொழி உண்டு என்பது ஒன்று. அமெரிக்கர்க்கும் பிரித்தானியர்க்கும் எழுத்துமொழி ஆங்கிலமே எனினும், அவ்விரு நாட்டுக் காது கேளாதோர் பேசும் சைகைமொழிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள இயலாத வேறு வேறு மொழிகள். அமெரிக்கச் சைகைமொழி பிரெஞ்சுச் சைகைமொழியோடு உறவுடையது. 1817இல் ஹார்ட்போர்டு நகரில் தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட்டுடன் இணைந்து பள்ளி தொடங்கிய லோரான் கிளெர்க், பாரிசிலிருந்து வந்த காது கேளாத ஆசிரியர் என்பதே அவ்வுறவிற்குக் காரணம். மற்றொன்று, சைகைமொழி நாட்டிய முத்திரை போன்றது என்பது. தமிழ்ச் சூழலில் இவ்வொப்புமை மிக எளிதாக நாவில் வருகிறது. முத்திரை, பாடலின் சொற்களோடும் பார்வையாளர் முன்னரே அறிந்த கதையோடும் இணைந்து பொருள் தருவது. அதைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த குழந்தை எங்கும் இல்லை. சைகைமொழியிலோ குழந்தைகள் மழலை பேசுகின்றனர். பிழை செய்து தாமே திருத்திக்கொள்கின்றனர். முதியோர் இளையோரின் சொல்வழக்கைக் குறைகூறுகின்றனர்.

தடையின் காலம்

1864ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தின் வழி, வாஷிங்டனில் காது கேளாதோர் பட்டம் பெறுவதற்கான கல்லூரி உருவாயிற்று. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பின்னர் கேலடெட் கல்லூரி எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம் 1986இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் காது கேளாதோர்க்கான பல்கலைக்கழகம் என்பதும் சைகைமொழியைப் பயிலும் பல்கலைக்கழகம் என்பதும் வேறு வேறு. முதலாவது 1864இல் அமைந்தது. இரண்டாவது அமைவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

இடைக்காலத்தில் 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, கற்பித்தலில் வாய்மொழி முறையே மேலானது எனத் தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் கேட்கும் திறன் உடையோர். அத்தீர்மானத்தின் விளைவாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிகளில் சைகைக்கு இடமில்லாது போயிற்று. காது கேளாத ஆசிரியர்கள் பணியிழந்தனர். உதட்டசைவைப் பார்த்து அறிதலும் ஒலிப்புப் பயிற்சியும் பாடநேரத்தைப் பெரிதும் விழுங்கின. சைகை விடுதிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் மட்டும் வாழ்ந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

இக்காலத்திலும் தம்மொழியின் மதிப்பை உணர்ந்தோர் இருந்தனர். அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம், திரைப்படக் கருவி புதிதாக இருந்த காலத்திலேயே, தேர்ந்த சைகையாளர்களின் உரைகளைப் படம்பிடித்து வைக்க முற்பட்டது. 1913இல் ஜார்ஜ் வெடிட்ஸ் ஆற்றிய உரை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. சைகைமொழியைக் காத்தல் என்பதே அதன் பொருள். ஒலியற்ற படச்சுருள் ஒரு மொழிக்கு முழுமையான ஆவணமாக அமைந்த அரிய நிகழ்வு இது. பேச்சுமொழி ஆய்வாளர்க்கு ஊமைப்படம் பயன்படாது. சைகைமொழி ஆய்வாளர்க்கோ 1913ஆம் ஆண்டின் இலக்கணமே அதில் கிடைக்கிறது.

ஸ்டோக்கியின் பகுப்பு

ஸ்டோக்கி 1955இல் கேலடெட்டில் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். அவரது துறை இடைக்கால இலக்கியம், சைகை அறியாதவர். வகுப்பில் ஆங்கிலச் சொற்களின் வரிசையில் ஆசிரியர்கள் செய்துகாட்டிய சைகைக்கும், மாணவர்கள் தமக்குள் பேசிக்கொண்ட சைகைக்கும் வேறுபாடு இருப்பதை அவர் கவனித்தார். பின்னதில் ஒழுங்கு உண்டு என்னும் ஐயமே ஆய்வாக வளர்ந்து, 1960இல் 'சைகைமொழி அமைப்பு' என்னும் சிறு நூலாக வெளிவந்தது.

அந்நூலின் மையக் கருத்தைத் தமிழ் மாணவர்க்கு விளக்குவது கடினமன்று. தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துகள் தோன்றும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றைச் சுட்டி, அவை பொருந்தியும் தீண்டியும் இயங்கும் முறையால் ஒலிகள் வேறுபடுவதைக் கூறுகிறது. இடம், உறுப்பு, இயக்கம் என்னும் மூன்றே அங்கு அடிப்படை. ஸ்டோக்கி சைகையைப் பகுத்ததும் அவ்வாறே. சைகை நிகழும் இடம், சைகை செய்யும் கையின் வடிவம், அக்கையின் அசைவு என்னும் மூன்று கூறுகளும் ஒரே நேரத்தில் கூடி ஒரு சைகைச்சொல் அமைகிறது. உள்ளங்கை நோக்கும் திசை என்னும் நான்காம் கூறு பின்வந்தோரால் சேர்க்கப்பட்டது. கை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'கெரீம்' என ஸ்டோக்கி ஆக்கிய கலைச்சொல் நிலைக்கவில்லை. இன்று சைகைமொழிகளுக்கும் ஒலியன் என்பதற்குரிய கலைச்சொல்லையே வழங்குகின்றனர். ஒலியே இல்லாத மொழிக்கு ஒலியன் உண்டு என்பது சொல்லளவில் முரண். தமிழில் இத்துறைக்கு நூல் எழுதுவோர் இதற்கு வேறொரு சொல்லைத் தேடுதல் நலம்.

மலை, மழை ஆகிய சொற்கள் ஓர் ஒலியால் மட்டும் வேறுபடுதல் போல, சைகைகளும் ஒரே கூறால் வேறுபடுகின்றன. அமெரிக்கச் சைகைமொழியில் சுட்டுவிரலை வளைத்து, அதன் கணுவைக் கன்னத்தில் வைத்துத் திருப்பினால் ஆப்பிள். அதே விரல், அதே திருப்பம், கண்ணருகே நிகழ்ந்தால் வெங்காயம். விரித்த கையின் பெருவிரல் மோவாயைத் தொட்டால் தாய். நெற்றியைத் தொட்டால் தந்தை. கையின் வடிவமும் அசைவும் மாறவில்லை. இடம் மட்டும் மாறிற்று. சைகை என்பது பொருளின் உருவத்தைக் காற்றில் வரையும் படம் என்ற கருத்து இத்தகைய இணைகளின் முன் நிற்பதில்லை. ஒப்புருவாக்கம் சைகைமொழியில் நிரம்ப உண்டு என்பது உண்மையே; தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்கள் நிரம்ப இருப்பினும் தமிழ் ஒலிக்குறிப்பாகிவிடாதது போன்றது அது.

இவ்வாய்வை உடன்பணியாளர் பலர் நகைத்தனர். காது கேளாத ஆசிரியர்கள் சிலரும் அவர்களுள் இருந்தனர். தம் சைகையைப் 'பேச்சுவழக்கு' எனத் தாழ்த்தி, ஆங்கில வரிசையில் அமைந்த சைகையை உயர்ந்ததாகக் கருதப் பள்ளிகள் அவர்களைப் பழக்கியிருந்தன. இரட்டை வழக்குச் சூழலில் வாழும் தமிழர்க்கு இம்மனநிலை புதிதன்று.

1965இல் வெளிவந்த அமெரிக்கச் சைகைமொழி அகராதியின் ஆசிரியர் மூவர்: ஸ்டோக்கி, டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க். பின்னிருவரும் காது கேளாதோர். இவ்வகராதி ஆங்கில அகர வரிசையில் அமையவில்லை. சைகையின் கூறுகளின் வரிசையில் அமைந்தது. அதாவது, ஆங்கிலச் சொல்லுக்குச் சைகை தேடுவோர்க்கன்றி, சைகைக்குப் பொருள் தேடுவோர்க்கு அது எழுதப்பட்டது. ஒரு மொழியின் அகராதி அம்மொழியின் ஒழுங்கிலேயே அமைதல் வேண்டும் என்னும் எளிய நெறி அது; பின்னர் வெளிவந்த சைகை அகராதிகள் பல இந்நெறியைப் பின்பற்றவில்லை. சைகைகளைக் குறியீட்டில் பெயர்த்தெழுதும் நுண்பணியில் காஸ்டர்லைன் பெரும்பங்காற்றினார். குரோன்பெர்க் எழுதிய பின்னிணைப்புகள், சைகை பேசுவோர் தமக்கென வாழ்வுமுறை உடைய மொழிச் சமூகத்தார் என்பதையும் அம்மொழியில் வட்டார வேறுபாடு உண்டு என்பதையும் எடுத்துரைத்தன. காது கேளாதோர் பண்பாடு என்னும் ஆய்வுப்பொருளின் விதை அப்பின்னிணைப்பில் இருக்கிறது. துறைவரலாறு கூறுவோர் பெரும்பாலும் ஸ்டோக்கி ஒருவரையே 'தந்தை' எனப் போற்றிக் கடந்துவிடுகின்றனர். அமைப்பைக் கண்டவர் ஸ்டோக்கி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வமைப்பு ஒரு மக்கள் கூட்டத்தின் உடைமை என்பதை எழுதியவர் குரோன்பெர்க்.

வெள்ளையர், கறுப்பினத்தார் என்னும் பள்ளிப் பிரிவினையால் சைகை வழக்கும் பிரிந்திருந்ததைக் குரோன்பெர்க் குறித்திருந்தார். இக்குறிப்பு நெடுங்காலம் கவனிக்கப்படாது கிடந்தது. கேலடெட்டில் கறுப்பின மாணவர் ஒருவர் முதன்முதலாகப் பட்டம் பெற்றது 1954இல்தான். அவர், பின்னர் ஆப்பிரிக்க நாடுகளில் பல பள்ளிகளை நிறுவிய ஆண்ட்ரூ போஸ்டர். கறுப்பின அமெரிக்கச் சைகைமொழி பற்றிய விரிவான நூல், கரோலின் மெக்காஸ்கிலும் உடனாய்வாளரும் எழுதியது, 2011இல் வெளிவந்தது. மெக்காஸ்கில் அவ்வழக்கைத் தம் வீட்டிலும் பள்ளியிலும் பேசி வளர்ந்தவர்.

பெயரும் பண்பாடும்

ஆங்கிலத்தில் காது கேளாமையைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைச் சிறிதாக எழுதினால் உடல்நிலையையும், பெரிதாக எழுதினால் மொழி, பண்பாட்டு அடையாளத்தையும் குறிக்கும் வழக்கம் உண்டு. ஜேம்ஸ் உட்வர்டு 1972இல் முன்வைத்த இவ்வேறுபாடு துறை முழுதும் பரவியது. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது இல்லை. 'செவிடு' என்பது வசையாகிவிட்டது. 'செவித்திறன் குறையுடையோர்' என்பது மருத்துவப் பார்வையைச் சுமக்கிறது. 'மாற்றுத்திறனாளி' என்பது மதிப்பான சொல் எனினும் மொழி அடையாளத்தை அது சுட்டாது. இக்கட்டுரை 'காது கேளாதோர்' என்பதைக் கையாள்கிறது, அதுவும் எதிர்மறையே. சைகைமொழியினர் என்பதுபோல் மொழிவழிப்பட்ட ஒரு பெயர் நிலைபெறுமாயின் இச்சிக்கல் தீரும். ஆனால் அப்பெயரைத் தேர்வது அம்மக்களின் உரிமை. ஆய்வாளர் ஆக்கித் தருவதற்குரியதன்று.

பண்பாடு என்னும் சொல்லை இங்குக் கையாள்வதில் சிலர்க்குத் தயக்கம் உண்டு. உணவு, உடை, சமயம், ஊர் ஆகியவற்றில் காது கேளாதோர் தம் குடும்பத்தாரைப் போன்றவரே. ஆயின் இச்சமூகத்திற்கென ஒரு தனித்தன்மை உண்டு. காது கேளாத குழந்தைகளுள் பத்தில் ஒன்பதிற்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோர்க்குப் பிறக்கின்றனர். ஆகவே மொழி தாயிடமிருந்து சேய்க்குச் செல்வது அரிது. பள்ளி விடுதியில் மூத்த மாணவரிடமிருந்து இளையவர்க்குச் செல்கிறது. கிடைவாக்கில் பரவும் மரபு எனலாம். இதனால்தான் உறைவிடப் பள்ளி ஒன்று மூடப்படுகையில், கேட்போர்க்கு ஒரு கட்டடமும், காது கேளாதோர்க்கு ஒரு தாய்வீடும் இல்லாமற் போகின்றன. கரோல் பேடனும் டாம் ஹம்ப்ரீசும் 1988இல் வெளியிட்ட நூல் இவ்வாழ்வை உள்ளிருந்து எழுதியது. இருவரும் காது கேளாதோர். பேடன் காது கேளாத பெற்றோர்க்குப் பிறந்தவர். கேட்கும் திறனுடையோரே மேலானவர் என்னும் எண்ணத்திற்கு ஹம்ப்ரீஸ் 1975இல் ஒரு பெயரிட்டார். அதனைத் தமிழில் 'செவிமேலாதிக்கம்' எனலாம். பிரித்தானியாவின் பேடி லேட் 2003இல் எழுதிய நூல், காது கேளாமையை இழப்பாகக் கொள்ளாது உலகில் வாழும் ஒரு முறையாகக் கொள்ளும் கருத்தை வளர்த்தது.

வகுப்பறையில் இப்பண்பாடு நூற்செய்தியாக மட்டும் இருப்பதில்லை. நல்ல சைகைமொழி வகுப்பில் குரல் அணைக்கப்படுகிறது. இருக்கைகள் வரிசையாக அன்றி அரைவட்டமாக இடப்படுகின்றன; பேசுவோர் ஒவ்வொருவரையும் பிறர் அனைவரும் காண வேண்டும். ஒருவரை அழைக்கத் தோளைத் தட்டுதல், அவையை அழைக்க விளக்கை அணைத்து ஏற்றுதல் ஆகியன நாகரிகம். பேசுவோரிடமிருந்து கண்ணை எடுத்தல் அவமதிப்பு. கேட்கும் மாணவர் முதல் சில வாரங்கள் கைகளையே பார்க்கின்றனர். முகத்தைப் பார்க்கப் பழகிய பின்னரே இலக்கணம் பிடிபடுகிறது. அமெரிக்கச் சைகைமொழியில் புருவம் உயர்ந்தால் ஆம்–இல்லை வினா, புருவம் சுருங்கினால் வினாச்சொல் வினா. கேலடெட்டில் 2005 முதல் வளர்ந்த கட்டடக்கலை நெறி ஒன்று இதனை இடவமைப்பிற்கும் நீட்டித்தது. நடந்துகொண்டே இருவர் சைகையில் பேசுவதற்கு அகன்ற நடைவழிகள், எதிரே வருவோரை முன்னரே காணத்தக்க திறந்த மூலைகள், கண் கூசாத ஒளி என்பன அதன் கூறுகள்.

யார் தலைவர்

1988 மார்ச்சு முதல் வாரத்தில் கேலடெட்டின் ஆட்சிக்குழு புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தது. இறுதிச் சுற்றில் இருந்த மூவருள் இருவர் காது கேளாதோர். குழு கேட்கும் திறனுடைய மூன்றாமவரைத் தேர்ந்தது. நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளில் காது கேளாத ஒருவர் அப்பதவியில் அமர்ந்ததில்லை. மாணவர்கள் வாயில்களை அடைத்தனர். கோரிக்கைகள் நான்கு: காது கேளாத தலைவர், ஆட்சிக்குழுத் தலைவரின் பதவி விலகல், ஆட்சிக்குழுவில் காது கேளாதோர் பெரும்பான்மை, போராடியோர் மீது நடவடிக்கை கூடாது. ஒரே வாரத்தில், மார்ச்சு 13 அன்று, நான்கும் ஏற்கப்பட்டு ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார்.

இந்நிகழ்ச்சி மாணவர் போராட்ட வரலாற்றில் பேசப்படும் அளவிற்கு, அறிவுத்துறை வரலாற்றில் பேசப்படுவதில்லை. 1960இல் மொழி உண்டு என நிறுவப்பட்டது. அந்நிறுவலே மாணவர்க்குத் 'தகுதிக் குறைவு' என்னும் வாதத்தை மறுக்கும் துணிவைத் தந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். தம் மொழி மொழியே எனப் பாடமாகக் கற்ற தலைமுறை, அம்மொழி அறியாத ஒருவர் தம்மை ஆள்வதை ஏற்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு அப்போது சைகைமொழி தெரியாது.

இதன் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சைகைமொழி வகுப்புகள் விரைந்து பெருகின. நவீன மொழிச் சங்கத்தின் கணக்கெடுப்பின்படி 1990இல் அமெரிக்கச் சைகைமொழி பயின்ற மாணவர் இரண்டாயிரத்திற்கும் குறைவு. 2016இல் ஒரு லட்சத்திற்கும் மேல். ஸ்பானியம், பிரெஞ்சு ஆகியவற்றை அடுத்து அது மூன்றாம் இடத்தைப் பெற்றது. ஜெர்மன் அதற்குப் பின்தங்கியது. பெருக்கம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும் இவ்வகுப்புகளில் பயில்வோர் பெரும்பாலும் கேட்போர். கேட்கும் குழந்தைக்குச் சைகை கற்பிப்பது அறிவு வளர்ச்சி எனப் போற்றப்படும் அதே காலத்தில், காது கேளாத குழந்தைக்குச் சைகை கற்பித்தால் பேச்சு வராது எனப் பெற்றோர் எச்சரிக்கப்படுகின்றனர். பல்கலைக்கழகத்தில் ஏற்கப்பட்ட மொழி மருத்துவமனையில் இன்னும் ஏற்கப்படவில்லை. மேலும், துறைகள் நிலையானவையும் அல்ல: பிரித்தானியாவில் 1978இல் தொடங்கி இத்துறையின் முன்னோடியாக விளங்கிய பிரிஸ்டல் பல்கலைக்கழகக் காது கேளாதோர் ஆய்வுமையம் பின்னாளில் மூடப்பட்டது.

இந்தியச் சைகைமொழி

இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் கேலடெட்டோடு நேரடித் தொடர்புடையது. இமாச்சலப் பகுதியில் பிறந்து, சிறுவயதில் செவித்திறன் இழந்து, கேலடெட்டில் பயின்ற மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்டு முதலியோருடன் இணைந்து 1970களின் பிற்பகுதியில் இந்திய நகரச் சைகை வழக்குகளை ஆராய்ந்தார். தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகர வழக்குகளும் ஒரே மொழியின் வட்டாரக் கிளைகள் என அவ்வாய்வு கண்டது. பேச்சுமொழியில் இந்தி, வங்காளம், மராத்தி, கன்னடம் என வேறுபடும் நகரங்கள் சைகையில் நெருங்கியிருந்தன என்பது எண்ணத்தக்கது. சென்னை அந்நான்கனுள் இல்லை.

பின்னர் உல்ரிகே செஷான் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட இலக்கண ஆய்வு, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் வழங்கும் சைகைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. அதில் தமிழ் இலக்கண மாணவர்க்குச் சுவையூட்டும் ஒரு செய்தி உண்டு. இம்மொழியில் பொதுவான வினாச்சைகை ஒன்றே அடிப்படை. அதனோடு இடம் என்பது சேர்ந்தால் எங்கு, காலம் சேர்ந்தால் எப்போது, எண் சேர்ந்தால் எத்தனை, முகம் சேர்ந்தால் யார் எனப் பொருள் விரிகிறது. தமிழில் எகர வினா அடியாக எங்கு, எப்போது, எத்தனை என அமைவதை இது நினைவூட்டுகிறது. ஒற்றுமை அங்கேயே முடிகிறது. சைகைமொழியில் வினா வாக்கியத்தின் இறுதியில் வருகிறது, எதிர்மறையும் அவ்வாறே. இவ்வொற்றுமையைக் கொண்டு இந்தியச் சைகைமொழி திராவிடச் சார்புடையது என நிறுவ முற்படுதல், நாட்டிய முத்திரை ஒப்புமையைப் போன்ற மற்றொரு பிழையாகவே முடியும்.

பட்டப்படிப்பைப் பொறுத்தவரை 2009 ஒரு முக்கிய ஆண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, காது கேளாத மாணவர்க்கெனப் பயன்பாட்டுச் சைகைமொழியியலில் இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. சைகைமொழியே பயிற்றுமொழி, பிற நாட்டு மாணவரும் சேர்ந்தனர். தம் மொழியைத் தம் மொழியிலேயே ஆராயும் வாய்ப்பு இந்தியக் காது கேளாதோர்க்கு முதன்முறையாகக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அப்படிப்பு நின்றுபோயிற்று. அப்பல்கலைக்கழகத்தில் அமைந்த ஆய்வுமையமும் நீடிக்கவில்லை. காது கேளாதோர் அமைப்புகள் தொடர்ந்து குரல் எழுப்பியதன் பயனாக 2015 செப்டம்பரில் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் தன்னாட்சி நிறுவனமாக அமைந்தது. அம்மையம் வெளியிட்ட மின்னகராதி 2018இல் மூவாயிரம் சொற்களோடு தொடங்கி 2021இல் பத்தாயிரத்தை எட்டியது. மொழிபெயர்ப்பாளர்க்கும் சைகைமொழி ஆசிரியர்க்கும் பட்டயப் படிப்புகள் உள்ளன. பட்டயத்திற்கும் பட்டத்திற்கும் இடையிலான இடைவெளியே இங்குச் சிக்கல். பட்டயம் பணிக்குத் தயார்செய்கிறது. மொழியை ஆராய்வோரை உருவாக்குவது பட்டமும் முனைவர் ஆய்வும் ஆகும். காது கேளாத பட்டயதாரர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் தம் மொழியைக் கற்பிக்க விரும்பினால், அவர் ஏறிச்செல்ல வேண்டிய படிகள் இடையில் அறுபட்டுள்ளன. அவ்விடத்தில், சைகை கற்ற கேட்போர் ஒருவர் எளிதில் வந்து அமர்கிறார்.

சட்ட அளவில் குறையில்லை. இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை, சைகைமொழியையும் காது கேளாதோர் பண்பாட்டையும் பெயர் சுட்டி ஏற்கிறது. 2016ஆம் ஆண்டின் சட்டம், பொருத்தமான மொழியில் கல்வி அளிக்குமாறு பணிக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை நாடு முழுதும் சைகைமொழியைத் தரப்படுத்துமாறு கூறி, இயன்றவிடத்து உள்ளூர்ச் சைகைமொழிகள் மதிக்கப்பெற்றுக் கற்பிக்கப்படும் எனவும் சேர்க்கிறது. தரப்படுத்தலும் உள்ளூர் வழக்கைக் காத்தலும் ஒன்றையொன்று இழுப்பவை என்பதைத் தமிழ் வட்டார வழக்கு ஆய்வாளர் நன்கறிவர். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் சைகைமொழி இல்லை.

தமிழ்நாட்டில் களமும் அறமும்

பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் நிறுவிய பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்க்கென வணிகவியலிலும் கணினிப் பயன்பாட்டிலும் தனிப் பட்டப் பிரிவுகள் உள்ளன. ஆயினும் இப்பிரிவுகளில் பயில்வோர் கற்பது வணிகவியலையும் கணினியையுமே. விடுதியில் அவர்கள் பேசும் மொழி பாடமன்று.

இக்களத்தில் இறங்கும் தமிழ் ஆய்வாளர் இரண்டு சிக்கல்களை எதிர்கொள்வர். முதலாவது, எழுத்துப்பெயர்ப்பு. ஆங்கில ஆய்வுகளில் ஒவ்வொரு சைகைக்கும் இணையான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது வழக்கம். தமிழில் அவ்வாய்ப்பு இல்லை. தடித்த எழுத்தோ கோடோ கொண்டு ஒரு நெறியை வகுத்தாக வேண்டும். அதனினும் முதன்மையானது, இணைச்சொல் மொழிபெயர்ப்பாகாது என்பது. 'நான் நீ கொடு' என மூன்று தமிழ்ச் சொற்களாக எழுதப்படுவது, உண்மையில் தன்னிடமிருந்து முன்னிலையாரை நோக்கி நகரும் ஒரே வினையாக இருக்கலாம். தாளில் அது உருபற்ற குறைவாக்கியமாகத் தோன்றும்; காற்றில் அதற்கு இடவேற்றுமையும் இயைபும் உண்டு. சைகைமொழிக்கு இலக்கணமில்லை என்னும் கருத்தின் ஒரு பகுதி இத்தகைய எழுத்துப்பெயர்ப்பிலிருந்து பிறந்ததே. எனவே காணொளியே மூலம். தாளில் உள்ளது அதன் குறிப்பு.

இரண்டாவது, களஆய்வு அறம். பேச்சுமொழி நேர்காணலில் தகவலாளியின் பெயரை மாற்றிக் குரலை மட்டும் பதிந்து அவரை மறைத்துவிடலாம். சைகைமொழியில் முகமே இலக்கணம்; முகத்தை மறைத்தால் தரவு அழியும். காது கேளாதோர் சமூகம் சிறியது. காணொளியில் உள்ளவரை அடுத்த மாவட்டத்தார் அறிவர். ஆகவே ஒப்புதல் பெறுதல் என்பது தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளில் கையொப்பம் வாங்குவதாக அமையக் கூடாது. என்ன பதியப்படும், யார் பார்ப்பர், எத்தனை ஆண்டு வைக்கப்படும், எப்போது திரும்பப் பெறலாம் என்பவற்றைச் சைகையிலேயே விளக்கி, சைகையிலேயே விடைபெற்று, அதையும் பதிவுசெய்தல் முறை. இப்பணியை அச்சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் செய்வதற்கும் மொழிபெயர்ப்பாளருடன் செல்லும் கேட்போர் செய்வதற்கும் கிடைக்கும் தரவிலேயே வேறுபாடு தோன்றும். கேட்போர் முன்னிலையில் காது கேளாதோர் தம் சைகையைப் பேச்சுமொழி வரிசைக்கு மாற்றிக்கொள்வது உலகெங்கும் காணப்படும் பழக்கம். ஸ்டோக்கி வகுப்பறையில் கண்ட இருவேறு சைகைகளும் அப்பழக்கத்தின் விளைவே.

தமிழ்நாட்டின் பழைய உறைவிடப் பள்ளிகளில் பயின்று இன்று எழுபது, எண்பது அகவையில் உள்ளோர், அகராதியாலும் கைப்பேசிக் காணொளியாலும் ஒருமையாக்கம் நிகழ்வதற்கு முந்திய வழக்கைத் தம் கைகளில் வைத்துள்ளனர். உறவுப்பெயர், திங்கட்பெயர், ஊர்ப்பெயர், உணவுப்பெயர் ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு மிகுதியாக எதிர்பார்க்கத்தக்கது. ஒருவருக்கொருவர் இட்டுக்கொண்ட பெயர்ச்சைகைகளும், அவற்றின் காரணக் கதைகளும் இன்னொரு வளம். முதுகலை ஆய்வேடு அளவிலேயே தொடங்கத்தக்க பணி இது. இதற்கு வேண்டுவன இரண்டு படக்கருவிகள், நல்ல ஒளி, எதிரெதிரே அமர்ந்து உரையாடும் இரு முதியோர், கருவிக்குப் பின்னால் அவர்கள் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் ஆய்வு மாணவர்.